டோக்கன் உருண்டை, கோலப் புள்ளி, 610 எழுத்து: வாத்தியார் பதில்கள்

ஆட்டோமேட்டா என்ற கற்பனைக் கணிப்புப் பொறிகள், இலக்கணம், கணிப்பின் கடினம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் வாய்விட்டுவிட்டேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. கடிதங்களைப் பிரித்துக் கொடுத்த என் மனைவி, "முப்பது வருடம் வகுப்பில் ஒருவரும் கேட்காததை இப்போது கேட்கிறார்கள்" என்றார். உண்மைதான்.

டிஎஃப்ஏ, என்எஃப்ஏ இரண்டுக்கும் சக்தி ஒன்றே என்று பாடத்தில் நிரூபிக்கிறார்கள். ஒன்றே என்றால் எதற்கு இரண்டு? எங்கள் உயிரை வாங்கவா?
*– கல்லூரி மாணவி, விருதுநகர்*

உயிரை வாங்குவது தேர்வுத்தாள் தயாரிக்கிறவர்கள். பொறிமேல் பழி போடாதீர்கள். டிஎஃப்ஏ, என்எஃப்ஏ இரண்டும் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் படித்து "சரி", "தவறு" என்று சொல்லும் கற்பனைப் பொறிகள்.

என் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைத் தண்டவாளம் ஓடும் சிறிய ஸ்டேஷன். அவர் மேசைக்குப் பக்கத்தில் நீல்ஸ் டோக்கன் கருவி ஒன்று, கோயில் உண்டியல்போல நிற்கும். அதற்கு மூன்று நிலைகள்: லைன் மூடியிருக்கிறது, ரயில் போகிறது, ரயில் வருகிறது. அடுத்த ஸ்டேஷனிலும் இதே கருவி. இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் ஓர் எஃகு உருண்டை வெளியே விழும். அதைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். ஓடும் எஞ்சினிலிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். உருண்டை கையில் இல்லாத டிரைவருக்கு அந்தத் தண்டவாளத்தில் போக உரிமையில்லை.

அந்தக் கருவிக்கு இன்று எத்தனை ரயில் போயிற்று என்று தெரியாது. நேற்றைய விபரமும் தெரியாது. இப்போது எந்த நிலை என்பது மட்டும் தெரியும். முடிவுறு நிலைப்பொறி என்பது இவ்வளவுதான். அடுத்து என்ன நடக்கும் என்பதற்கு ஒரே பதில் இருந்தால் டிஎஃப்ஏ. ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று வழி திறந்திருந்து, அவற்றில் ஏதாவது ஒன்று கரை சேர்ந்தால் போதும் என்றால் என்எஃப்ஏ.

க, ப என்ற இரண்டே எழுத்துகளில் எழுதிய சொல் ஒன்று இடமிருந்து வலமாக வருகிறது. எப்போது முடியும் என்று தெரியாது. கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 'க'வா என்று சொல்ல வேண்டும். என்எஃப்ஏ ஜோசியக்காரன் மாதிரி. ஒவ்வொரு 'க' வரும்போதும் "இதுதான் அது" என்று ஒரு பந்தயம் கட்டும். இன்னும் இரண்டு எழுத்தோடு சொல் முடிந்தால் ஜெயித்தது. 4 நிலைகள் போதும். டிஎஃப்ஏவுக்கு ஜோசியம் தெரியாது. கடைசியாக வந்த மூன்று எழுத்துகளையும் சித்திரகுப்தன்போல நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆக 8 நிலைகள். "மூன்றாவது" என்பதை "பத்தாவது" ஆக்கினால் 11-க்கு 1,024. "இருபதாவது" என்றால் 21-க்கு 10,48,576. இதைக் குறைக்கவும் முடியாது. இருபது எழுத்துள்ள இரண்டு வெவ்வேறு வரலாறுகளை ஒரே நிலையில் போட்டுக் குழப்பினால், பின்னால் வரும் சில எழுத்துகளே பொறியின் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் 1959-ல் வெளியிட்ட கட்டுரையில், என்எஃப்ஏ செய்வதையெல்லாம் டிஎஃப்ஏவும் செய்யும் என்று காட்டினார்கள். அதற்காகவே 1976-ல் கணினியியலின் உயரிய விருதான டியூரிங் விருது. நீங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது அதன் முதல் பாதி. விலை என்ன என்பது இரண்டாம் பாதி. "செய்ய முடியும்" என்பதும் "கட்டுப்படியாகும்" என்பதும் ஒன்றல்ல என்று வீட்டுக்குக் காய்கறி வாங்கும் எவருக்கும் தெரியும்.

எங்கள் இணையப் படிவத்தில் ஒருவர் முகவரியைத் தட்டச்சு செய்ததும் சர்வரே நின்றுபோயிற்று. வைரஸ் இல்லை, ஹேக்கிங் இல்லை. ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் காரணம் என்கிறார் மேலாளர். நம்பலாமா?
*– மென்பொருள் ஊழியர், கோவை*

நம்புங்கள். நானே அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் படிவத்துக்கு முகவரி சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகள் எந்த வடிவில் வரலாம் என்று சொல்லும் விதி, ஒன்றை எழுதிக் கொடுத்தேன். "சில எழுத்துகள், பிறகு இடைவெளி இருக்கலாம் இல்லாமலும் போகலாம்; இது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்" என்பது அதன் பொருள். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஒரு பையன் இடைவெளியே விடாமல் முப்பது எழுத்தை ஒட்டி எழுதி, கதவு எண்ணுக்கு ஒரு சாய்கோடு போட்டான். சாய்கோடு என் விதியில் இல்லை. "பொருந்தவில்லை" என்று உடனே சொல்லியிருக்க வேண்டிய நிரல், முப்பது எழுத்தையும் எங்கெங்கே வெட்டிப் பொருத்தலாம் என்று ஒவ்வொரு வழியாகப் பார்க்கத் தொடங்கியது. எழுத்துகளுக்கு நடுவே 29 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். மொத்தம் 53,68,70,912 வழிகள். எல்லாம் தோற்றபிறகுதான் "இல்லை" என்று சொல்லும். நான் மதிய உணவை முடித்து வந்தும் அது சொல்லவில்லை. கல்லூரி முதல்வர் மின்சாரக் கோளாறு என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. ஒரு பதிவின் ஒற்றை வரியில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள். வரியின் ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கும் சின்ன விதி, அவை வரியின் கடைசி வரை நீள்கின்றனவா என்று முதல் வெற்றிடத்திலிருந்து எண்ணிப்பார்த்துத் தோற்றது. பிறகு இரண்டாவதிலிருந்து, மூன்றாவதிலிருந்து. 20,000 கூட்டல் 19,999 கூட்டல் 19,998 என்று போனால் கிட்டத்தட்ட 20 கோடி ஒப்பீடுகள். என் பிழையைப்போல இரட்டிக்கிற ரகம்கூட இல்லை, வெறும் வர்க்கம்தான், நீளத்தை நீளத்தால் பெருக்குகிற அளவு. அதற்கே இந்தக் கதி.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், மருந்து 1968-லேயே வந்துவிட்டது. கென் தாம்சன் என்எஃப்ஏவின் எல்லாப் பந்தயங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டினார். இப்போது பொறி எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்வது. உரையின் நீளத்தை விதியின் நீளத்தால் பெருக்கினால் வரும் அளவுதான் வேலை. முப்பது எழுத்தென்ன, மூன்று லட்சம் எழுத்தென்றாலும் கண் சிமிட்டும் நேரம். பல நிரல்மொழிகள் ஏன் அதைக் கைவிட்டன? "முன்னால் வந்த அதே சொல் மறுபடியும் வர வேண்டும்" என்று எழுதும் வசதியைப் புகுத்தினார்கள். அந்த வசதி வந்ததும் அது நிலைப்பொறியின் வேலையாக இல்லாமல் போய்விட்டது. பொருந்துகிறதா என்று பார்ப்பதே என்பி-முழுமை என்ற, விரைவான வழி எதுவும் தெரியாத கடின வகுப்பில் விழுந்துவிடுகிறது. யாருக்கோ என்றோ தேவைப்படும் ஒரு வசதிக்காக எல்லாரும் வழிக்கு வழி திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் விதியில் அடைப்புக்குள் ஒரு கூட்டல் குறி, அடைப்புக்கு வெளியே இன்னொன்று, (க+)+ என்பதுபோல இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கோலமும் கணினி இலக்கணம்தான் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பெண் வாசகர்களைக் குளிர்விக்கும் முகஸ்துதியா?
*– இல்லத்தரசி, மயிலாடுதுறை*

இல்லை அம்மா. முகஸ்துதி எனக்கு வராது, வீட்டில் விசாரிக்கலாம்.

என் தாயார் ஒரு கோல நோட்டு வைத்திருந்தார். அதில் பல பக்கங்களில் படமே இருக்காது. "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நடுவரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. வரிசைகள் 15, புள்ளிகள் 169. வாசலை அடைக்கும் 169 புள்ளிகளை ஒரு வரியில் மடித்து வைத்திருக்கிறார்! சிறிய விதி, பெரிய வடிவம். இலக்கணம் என்று கணினியியலில் சொல்வது இதைத்தான்.

தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து, 1974-ல் கோலத்துக்கான அணி இலக்கணங்களை (செய்யுள் அணி அல்ல, குறிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் array) பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். எழுத்துகளை ஒற்றை வரியில் கோக்கும் இலக்கணங்களை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1956-ல் படிப்படியாக வகுத்திருந்தார். இவர்கள் அதைத் தளத்துக்கு, நீளமும் அகலமும் உள்ள படத்துக்கு நீட்டினார்கள்.

ஏன் நீட்ட வேண்டும்? நீங்கள் அதிகாலையில் செய்வதைக் கவனியுங்கள். ஏறும் வரிசைகளும் இறங்கும் வரிசைகளும் சமமாக வர வேண்டும். கோலம் 15 புள்ளிதான் என்று முன்பே முடிவு செய்துவிட்டால் அப்பாவின் டோக்கன் கருவியைக் கொஞ்சம் பெரிதாக்கியே சரிபார்த்துவிடலாம். எந்த அளவானாலும் சரிபார்க்க வேண்டும் என்றால் முடியாது. ஏறிய படிகளை எங்காவது அடுக்கி வைத்து, இறங்கும்போது ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடுக்கு உள்ள பொறிக்குச் சூழல்சாரா இலக்கணத்தின், அதாவது ஒவ்வொரு குறியையும் அக்கம்பக்கம் பாராமல் விரிக்கும் இலக்கணத்தின், பலம் உண்டு. இதோடு ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட ஒரு புள்ளி கூடுதலா என்பதையும் ஒற்றை வரியாக எழுதிச் சோதிக்கப் பார்த்தால், அந்த அடுக்கும் போதாது. முதல் இரண்டு வரிசையை ஒப்பிட அடுக்கைக் காலி செய்துவிட்டால், மூன்றாவதை எதனோடு ஒப்பிடுவது? தரையில் இந்தச் சங்கடம் இல்லை. முந்தைய வரிசை அங்கேயே கண்ணெதிரே இருக்கிறது. இடைப்புள்ளியை இரண்டு புள்ளிக்கு நடுவே வைத்துக்கொண்டே போகிறீர்கள். ஒற்றை வரியில் கடினமானது தரையில் எளிதாகிவிடுகிறது. உங்கள் மாமியார் இதைத் தேற்றம் என்று சொல்லியிருக்கமாட்டார், அவ்வளவே.

நன்னூல் புணர்ச்சி விதிகளை நிலைப்பொறியாக்க முடியுமா?
*– தமிழாசிரியர், திருநெல்வேலி*

பெரும்பகுதி முடியும், ஐயா. ஒலி மாறும் விதிகள் பக்கத்து எழுத்தை மட்டும் பார்ப்பவை. இப்படிப்பட்ட விதிகளை நிலைப்பொறிகளாகக் கட்டலாம் என்று கிம்மோ கோஸ்கென்னியெமி 1983-ல் ஃபின்னிஷ் மொழிக்குச் செய்து காட்டினார். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பொறி கண்ணை மூடிக்கொண்டு செய்யும். மாட்டிக்கொள்வது "பொன் பெரிது" என்ற இடத்தில். அங்கும் னகரத்தின் முன் வல்லினம்தான். ஆனால் அல்வழி, மாறாது. வேற்றுமையா அல்வழியா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பொருளைப் பார்க்க வேண்டும். பொறிக்கு அதை யாராவது குறித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் மாணவர்களும் சரியாக அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன்.

பி, என்பி சிக்கலை நான் தீர்த்துவிட்டேன். 11 பக்கம். பார்வையிட்டு, பரிசுத்தொகைக்கு வழி சொல்வீர்களா?
*– பெயர் வெளியிட விரும்பாதவர், சேலம்*

விடையைச் சட்டென்று சரிபார்க்க முடிகிற கணக்குக்கெல்லாம் விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கவும் முடியுமா என்பதுதான் இந்தச் சிக்கல். பரிசு இருக்கிறது. கிளே கணித நிறுவனம் 2000-ல் அறிவித்த ஏழு கணக்குகளில் இதுவும் ஒன்று, கணக்குக்கு 10 லட்சம் டாலர். ஆய்விதழில் வெளியாகி, இரண்டு ஆண்டு நிபுணர்களின் வாயில் விழுந்து எழுந்தபிறகே தருவார்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு நிரூபணங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதை எழுதியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நாற்பது வருடம் வங்கியில் கணக்கு பார்த்தவன். கணினியியலில் மிகக் கடினமான கணக்கு எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
*– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, காரைக்குடி*

ஒரு வவுச்சர் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பது உங்களுக்கு நிமிட வேலை. தலைமையகம் புது விதிப்புத்தகம் ஒன்று அனுப்பி, "பழைய புத்தகம் அனுமதித்தவற்றையெல்லாம், அவற்றை மட்டுமே, இதுவும் அனுமதிக்கிறதா?" என்று கேட்டால்? வரப்போகும் எல்லா வவுச்சர்களையும் பற்றிய கேள்வி அது. எங்கள் துறையின் கடினமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது.

இரண்டு டிஎஃப்ஏக்கள் ஒன்றேயா என்பதை 1971-ல் ஹாப்கிராஃப்டும் கார்ப்பும் தந்த முறைப்படி சிட்டிகையில் சொல்லிவிடலாம். இரண்டு என்எஃப்ஏ என்றால் பொதுவான, விரைவான வழி எதுவும் கையில் இல்லை. இரண்டு சூழல்சாரா இலக்கணங்கள் என்றால் எக்காலத்திலும் பொதுவழி கிடையாது, நிரூபணமாகிவிட்டது. நடுவில் ஒன்று இருக்கிறது: அடுக்கு உண்டு, ஜோசியம் இல்லை என்ற வகைப் பொறி. அப்படிப்பட்ட இரண்டு ஒன்றேயா என்பது முப்பது ஆண்டுக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. 1997-ல் பிரான்சின் ஜெரோ செனிசெர்க், சொல்ல முடியும் என்று காட்டினார்.

ஒன்றே ஒன்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். 0, 1, 2 என்ற எண்கள், அவற்றைப் போட்டு வைக்கும் பைகள், "அடுத்த எண்" என்ற சொல், "உண்டு", "இல்லை", "எல்லாம்". இவற்றை மட்டும் வைத்து வாக்கியங்கள் எழுதலாம். "எந்த எண்ணுக்கும் அடுத்தது உண்டு" என்பது மெய். "எல்லாவற்றிலும் பெரிய எண் உண்டு" என்பது பொய். எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் மெய்யா பொய்யா என்று சொல்ல வழி இருக்கிறது. 1960-ல் பூக்கி என்ற கணிதவியலாளர் கண்ட வழி அது: வாக்கியத்தை ஒரு நிலைப்பொறியாக மாற்றிவிடுவது.

விருதுநகர் மாணவி இங்கே கவனிக்க வேண்டும். "உண்டு" என்று எழுதும்போதெல்லாம் பொறி ஜோசியம் பார்க்கும் என்எஃப்ஏ ஆகிறது. "இல்லை" என்று எழுதினால் அதைத் தலைகீழாக்க வேண்டும். அதற்கு முதலில் டிஎஃப்ஏ ஆக்க வேண்டும். நிலைகள் இரண்டின் அடுக்காகப் பெருகுகின்றன. 3 நிலைகள் 8 ஆகும். இன்னொரு "உண்டு", இன்னொரு "இல்லை", 8 என்பது 256. மறுபடியும் ஒரு சுற்று, 78 இலக்க எண். நாலாவது சுற்றை எழுதிக் காட்ட இந்த இதழ் போதாது. சதுரங்கக் கட்டத்தில் நெல்லை இரட்டித்த கதையெல்லாம் இதன் முன்னே பல்லாங்குழி.

வழிதான் மோசம், வேறு நல்ல வழி இருக்கும் என்று தோன்றும். லாரி ஸ்டாக்மேயரும் ஆல்பர்ட் மேயரும் அந்த ஆசையில் மண்ணைப் போட்டார்கள். 1974-ல் ஸ்டாக்மேயரின் ஆய்வேட்டில் முதல் வடிவம் வந்தது, 2002-ல் ஆய்விதழில் முழுமையாக வெளியானது: 610 எழுத்துக்கு மேற்படாத இத்தகைய வாக்கியங்களைச் சரியாகத் தீர்மானிக்கும் மின்சுற்று எதை நீங்கள் வடிவமைத்தாலும், அதில் குறைந்தது 1-க்குப் பின் 125 பூச்சியம் போட்ட எண்ணிக்கையில் கதவங்கள், அதாவது 0, 1 என்ற சமிக்ஞைகளை வாங்கி விடை தரும் சின்ன உறுப்புகள், தேவை. ஒவ்வொரு கதவமும் ஒரு புரோட்டான் அளவுக்குச் சிறியதாக இருந்தாலும், அறியப்பட்ட பிரபஞ்சத்துக்குள் அந்தச் சுற்று அடங்காது. 610 எழுத்து என்றால் ஒரு இன்லேண்ட் லெட்டரில் பாதி, ஐயா.

இதைக் கேட்டு யாரும் கடையை மூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் மோனா என்றொரு நிரல் எழுதினார்கள். இதே வகை வாக்கியங்களைப் பூக்கியின் வழியிலேயே பொறியாக்கித் தீர்க்கிறது. நாம் நடைமுறையில் எழுதும் வாக்கியங்கள் பெரும்பாலும் அவ்வளவு கொடூரமானவை அல்ல. எது கொடூரம் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் வழியில்லை.

கணினியால் தீர்க்கவே முடியாத கணக்கு என்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று இருக்கிறதா?
*– ஒன்பதாம் வகுப்பு மாணவன், புதுக்கோட்டை*

இருக்கிறது தம்பி. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் அட்டைகளாக வெட்டிக்கொள். ஒவ்வொரு அட்டையிலும் மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல். மூன்று வகை அட்டைகள்:

மேலே க, கீழே பகக.
மேலே கப, கீழே கக.
மேலே பபக, கீழே பப.

ஒவ்வொரு வகையிலும் எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வரிசையாக அடுக்கி, மேல்வரியைச் சேர்த்துப் படித்தாலும் கீழ்வரியைச் சேர்த்துப் படித்தாலும் ஒரே சொல் வர வேண்டும். முயன்று பார்த்துவிட்டு மேலே படி. மூன்றாவது, இரண்டாவது, மூன்றாவது, முதலாவது என்று வை. இரண்டு வரியிலும் பபககபபபகக.

எமில் போஸ்ட் 1946-ல் இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றை நிரூபித்தார். எந்த அட்டைக்கட்டைக் கொடுத்தாலும் "இதற்கு விடை உண்டு", "இல்லை" என்று தவறாமல் சொல்லும் நிரலை யாராலும் எழுத முடியாது. கணினி மெதுவாக இருப்பதால் அல்ல; காரைக்குடி ஐயாவுக்குச் சொன்னதுபோல இடம் போதாததாலும் அல்ல. எந்தக் கணினியின் ஓட்டத்தையும் இந்த அட்டைகளாலேயே நடித்துக் காட்டலாம் என்பதால். அட்டைக்கு விடை உண்டா என்று சொல்லத் தெரிந்தால், ஒரு நிரல் என்றாவது நிற்குமா என்றும் சொல்லிவிடலாம். நிற்குமா என்பதைப் பொதுவாகச் சொல்ல முடியாது என்று 1936-லேயே ஆலன் டியூரிங் முடித்துவிட்டார்.

விடை உள்ள கட்டுகளும் சில நேரம் படுத்தும். இதைப் பார்:

மேலே கபப, கீழே க.
மேலே ப, கீழே கபப.
மேலே க, கீழே பப.

முதல் கட்டைவிட எளிதாகத் தெரிகிறது அல்லவா? இதற்கும் விடை உண்டு. மிகக் குறுகிய விடைக்கே 75 அட்டைகள் வேண்டும். மேசை போதாது, திண்ணையில் அடுக்கு. அடுக்கி முடிக்கும்வரை யாரையும் மின்விசிறியைப் போட விடாதே.